ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய்

வங்க மண்ணில் வந்து குடியமர்ந்து, இந்நாட்டு நீரும் சோறும் உண்டு வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நாம், இங்குத் தோன்றிய பெரியோர்களை ஓரளவு அறிவோம். ரவீந்திரநாதர், விவேகானந்தர், நேதாஜி ஆகியோரின் படங்கள் மாட்டப்படாத வீடுகள் நம் கரக்பூர்க் காலனியில் மிகச் சிலவே. நம் குழந்தைகளும் பள்ளி மேடைகளில் அவர்களைப் பற்றிப் பேசிப் பரிசுகள் பெற்று வருகின்றனர். ஆயினும், ரவீந்திரநாதர் பிறந்த அதே 1861-ஆம் ஆண்டில் பிறந்து, பாரத நாட்டில் இரசாயன ஆராய்ச்சிக்கும் இரசாயனத் தொழிலுக்கும் ஒருங்கே வித்திட்ட ஒரு பெருமகனாரை நம்மில் பலர் பெயரளவிலேயே அறிந்திருக்கிறோம். அவரே ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய். கல்கத்தாவில் சியால்தாவிலிருந்து சியாம்பஜார் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலைக்கு அவர் பெயரே வழங்குகிறது. அச்சாலையில் நடந்து கடைகண்ணிக்குச் சென்று வருகிறோம். பெயருக்குரியவர் யார் என்று கேட்பதில்லை. மாதச் சம்பளத்தை நம்பி வாழும் நம்போன்ற குடும்பத்தினர் அவர் வரலாற்றை அறிதல் இன்றியமையாதது என்பது நம் கருத்து. அதன் காரணம் இக்கட்டுரையின் போக்கில் தானே விளங்கும்.

இளமையும் கல்வியும்

1861-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2-ஆம் தேதி, அன்றைய ஜெஸ்ஸூர் ஜில்லாவைச் சேர்ந்த ராருளி என்னும் சிற்றூரில் பிரபுல்ல சந்திரர் பிறந்தார். கபோதாட்ச நதிக்கரையில் அமைந்த அவ்வூர் இன்று வங்காள தேசத்துக் குல்னா மாவட்டத்தில் உள்ளது. தந்தையார் ஹரிஷ் சந்திர ராய் நிலபுலன்கள் உடையவர். கல்வியில் நாட்டம் மிக்கவர். வீட்டில் நல்லதொரு புத்தகசாலை வைத்திருந்தவர். தாயார் பெயர் புவனமோகினி தேவி.

பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டு 1870-ல் குடும்பம் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தது. பிரபுல்லர் ஹேர் பள்ளியில் சேர்ந்தார். 1874-ல் கடுமையான சீதபேதி கண்டு, படிப்பை நிறுத்திவிட்டு ஊர் திரும்ப நேர்ந்தது. அந்நோய் அவர் உடலை வாழ்நாள் முழுவதும் விட்டு நீங்கவில்லை. செரிமானக் குறைவும் உறக்கமின்மையும் கடைசிவரை அவரைத் தொடர்ந்தன. எனினும் நோயினால் கிடைத்த ஓய்வை அவர் வீணாக்கவில்லை. தந்தையாரின் புத்தகசாலையில் அமர்ந்து, பள்ளிப் பாடத்தில் இல்லாத நூல்களையெல்லாம் படித்தார். பரீட்சைக்காகப் படிப்பது வேறு, அறிவதற்காகப் படிப்பது வேறு என்பதை அந்த இளம் பருவத்திலேயே அவர் உணர்ந்திருத்தல் வேண்டும்.

1876-ல் மீண்டும் கல்கத்தா வந்து ஆல்பர்ட் பள்ளியில் சேர்ந்து, 1879-ல் பிரவேசப் பரீட்சையில் தேறினார். பின்னர் வித்யாசாகரின் மெட்ரோபாலிடன் கல்லூரியில் பயின்றார். அங்கு விஞ்ஞானம் கற்பிக்க வசதி இல்லாமையால், பிரஸிடென்ஸிக் கல்லூரிக்கு வெளி மாணவராகச் சென்று, அலெக்ஸாண்டர் பெட்லர் என்னும் பேராசிரியர் நிகழ்த்திய இரசாயன வகுப்புகளில் அமர்ந்தார். பெட்லர் செய்து காட்டிய சோதனைகள் அவர் மனத்தைக் கொள்ளை கொண்டன. நண்பர் ஒருவருடைய அறையிலேயே சிறியதொரு சோதனைச்சாலை அமைத்துக்கொண்டு, வகுப்பிற் கண்டவற்றைத் தாமும் செய்து பார்த்தார். ஒரு நாள் தகரத்தில் தாமே செய்த கருவி பெரும் ஓசையுடன் வெடித்துச் சிதறியது. தெய்வாதீனமாக எவருக்கும் தீங்கில்லை. அந்த வெடிப்பும் அவர் ஆர்வத்தைக் குறைக்கவில்லை.

அக்காலத்தில் இந்திய மாணவர்கள் பிரிட்டன் சென்று படிக்கக் கில்கிறிஸ்ட் உபகாரச் சம்பளம் என ஒன்று இருந்தது. லத்தீன் முதலிய மொழிகளில் தேர்ச்சி வேண்டும் என்பது நிபந்தனை. பிரபுல்லர் வீட்டாரிடமும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளாமல் அமைதியாகப் படித்து, 1882-ல் அதனை வென்றார். அவ்வாண்டு இந்தியா முழுவதிலும் அதனைப் பெற்றவர் இருவரே. எடின்பரோ சர்வகலாசாலையில் கிரம் பிரவுன் என்னும் பேராசிரியரிடம் பயின்று, 1885-ல் விஞ்ஞானப் பட்டமும் 1887-ல் டாக்டர் பட்டமும் பெற்றார். இடையில், சிப்பாய்க் கலகத்திற்கு முன்னும் பின்னும் இந்தியாவின் நிலை குறித்து நடந்த ஒரு கட்டுரைப் போட்டியில் கலந்துகொண்டு, ஆங்கில ஆட்சியின் குறைகளை அஞ்சாமல் எழுதினார். பரிசு கிட்டவில்லை. அக்கட்டுரையைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார்.

இருநூற்றைம்பது ரூபாய்

1888-ல் தாய்நாடு திரும்பிய பிரபுல்லருக்கு உடனே வேலை கிடைக்கவில்லை. கல்வி இலாகாவில் உயர்ந்த பதவிகள் யாவும் ஆங்கிலேயருக்கே உரியனவாக இருந்தன. ஏறத்தாழ ஓராண்டுக் காலம் தம் நண்பர் ஜகதீச சந்திர போஸின் இல்லத்தில் தங்கியிருந்தார். 1889-ல் பிரஸிடென்ஸிக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் பதவி கிடைத்தது. மாதச் சம்பளம் 250 ரூபாய். அவரையொத்த படிப்பும், சில சமயம் அவரினும் குறைந்த படிப்பும் உடைய வெள்ளையருக்கு அதனினும் பன்மடங்கு கொடுக்கப்பட்டது. பிரபுல்லர் மேலதிகாரியிடம் முறையிட்டார். வேறு தொழில்களும் உலகில் உள்ளன. இவ்வேலையை ஏற்குமாறு எவரும் கட்டாயப்படுத்தவில்லை என்ற கருத்தில் பதில் கிடைத்தது.

நம்மில் ஒருவராயின் என்ன செய்திருப்போம்? மனம் கசந்து, மனுக்கள் பல எழுதி, ஓய்வு நாளை எண்ணிக் காலம் கழித்திருப்போம். பிரபுல்லர் அப்பதவியில் 27 ஆண்டுகள் இருந்தார். ஆனால் அப்பதவிக்குள் அடங்கிவிடவில்லை. வேறு தொழில்கள் உள்ளன என்று அதிகாரி ஏளனமாகச் சொன்னதை, அவர் உண்மையாகவே எடுத்துக்கொண்டார் போலும்!

எலும்பும் உப்பும்

அந்நாளில் ஒரு குப்பி சாதாரண மருந்தும் பிரிட்டனிலிருந்து கப்பலில் வந்தது. அதற்கு வேண்டிய மூலப்பொருள்களோ நம் நாட்டில் மண்ணோடு மண்ணாகக் கிடந்தன. படித்த வங்க இளைஞர்களோ குமாஸ்தா வேலைக்காகக் கச்சேரி வாயில்களில் காத்துக் கிடந்தனர். இவ்விரண்டையும் கண்ட பிரபுல்லர், 1892-ல் 700 ரூபாய் அளவான சிறு முதலைக் கொண்டு, மேல் சர்க்குலர் சாலை 91-ஆம் எண்ணுள்ள தம் வாடகை வீட்டிலேயே வங்க இரசாயனத் தொழிற்சாலையைத் தொடங்கினார்.

மாட்டெலும்பைச் சுட்டுச் சாம்பலாக்கிக் கந்தகத் திராவகத்தில் இட்டு, பின்னர்ச் சோடா உப்புச் சேர்த்தால், வைத்தியர்கள் பயன்படுத்தும் ஒருவகைப் பாஸ்பேட் உப்புக் கிடைக்கும். ஆகவே ராஜாபஜார்க் கசாப்புக் கடைகளிலிருந்து மூட்டை மூட்டையாக எலும்பு வாங்கி, வீட்டு மாடியில் உலர்த்தினார். மழை பிடித்துக்கொண்டது. எலும்பில் ஒட்டியிருந்த தசை அழுகிப் புழுத்தது, காகங்கள் திரண்டன, அண்டை வீட்டார் கொதித்தெழுந்தனர். மூட்டைகளை அவசர அவசரமாக ஊருக்கு வெளியே கொண்டுசென்று எரிக்க வேண்டியதாயிற்று. சீமைக்குச் சென்று டாக்டர் பட்டம் பெற்று வந்த உயர்குலத்து இளைஞர் ஒருவர் மாட்டெலும்பைக் கையால் தொட்டு வேலை செய்வதென்பது அக்காலத்தில் எத்தகைய செயல் என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

பகலில் கல்லூரியில் வகுப்பு, மாலையில் வீட்டில் தொழிற்சாலை, இரவில் கணக்கு. அமூல்ய சரண் போஸ் என்னும் மருத்துவ நண்பர் துணை நின்று, புதிய மருந்துகளை வைத்தியர்களிடையே பரப்பினார். ஓமம், ஆடாதோடை, நிலவேம்பு முதலிய நம் நாட்டுச் சரக்குகளிலிருந்தும் மருந்துகள் செய்யப்பட்டன. சோதனைகளும் தொடர்ந்தன. உடன் உழைத்த சதீஷ் சந்திர சிங்கர் சோதனைச்சாலையில் கொடிய நஞ்சுக்குத் தற்செயலாக இரையானார். அமூல்ய சரணர் 1898-ல் பிளேக் நோயால் மாண்டார். இரு கைகளையும் இழந்தாற்போன்ற அந்நிலையிலும் பிரபுல்லர் தொழிலைக் கைவிடவில்லை. 1901-ல் அது கூட்டுப்பங்குக் கம்பெனியாக்கப்பட்டது. 1905-ல் மாணிக்தலாவிலும் 1920-ல் பானிஹட்டியிலும் பெருந்தொழிற்சாலைகள் எழுந்தன. 1980-ல் அரசாங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. நம் வீடுகளைக் கழுவும் பினாயில் குப்பியிலும், துணிப்பெட்டியில் இடும் நாப்தலீன் உருண்டையிலும் வங்க இரசாயனத்தின் பெயரைக் காண்கிறோம் அல்லவா? அவற்றின் மூலம் அந்த 700 ரூபாயே.

திராவகமும் உலோகமும்

இனி, பிரபுல்லரை உலக விஞ்ஞானிகளின் வரிசையில் அமர்த்திய கண்டுபிடிப்புக்கு வருவோம். அதனை விளங்கிக்கொள்ள, நைட்ரிக் அமிலத்தைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும்.

வெடியுப்பையும் கந்தகத் திராவகத்தையும் கலந்து காய்ச்சி வடிப்பது இவ்வமிலத்தைச் செய்யும் பழைய முறை. ஆதலின் வெடியுப்புத் திராவகம் என்றும் இதனைக் கூறுவர். மற்ற அமிலங்களின் வழக்கம் ஒன்று, இதன் வழக்கம் வேறு. நீர்த்த கந்தகத் திராவகத்தில் ஒரு துத்தநாகத் துண்டைப் போட்டால், ஹைட்ரஜன் வாயு குமிழியிட்டு வெளிவரும். நைட்ரிக் அமிலத்தில் பெரும்பாலும் அவ்வாறு நிகழ்வதில்லை. இவ்வமிலம் தன்னிடமுள்ள பிராணவாயுவைப் பிறபொருளுக்கு வாரி வழங்கும் இயல்புடையது. எனவே உலோகத்தைக் கரைக்கும்போது, ஹைட்ரஜன் வெளிவருவதற்குப் பதிலாக, அமிலமே தன் பிராணவாயுவில் ஒரு பங்கை இழந்து வேறு பொருள்களாக மாறிவிடுகிறது.

எப்பொருளாக மாறும் என்பது உலோகத்தைப் பொறுத்தது. அமிலத்தின் செறிவையும் சூட்டையும் பொறுத்தது. செறிந்த அமிலத்தில் செம்பை இட்டால், செம்பழுப்பு நிறப் புகை பொங்கி எழும். அப்புகை நுரையீரலுக்குக் கொடிய நஞ்சு; சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்தும் ஆபத்து நேரலாம். நீர்த்த அமிலத்தில் அதே செம்பு நிறமற்ற வாயுவை விடும்; அது காற்றைத் தொட்டவுடன் பழுப்பாகும். மிகவும் நீர்த்த அமிலத்தில் துத்தநாகம் கரைந்தால், புகையே இல்லாமல் அம்மோனியா உப்பு உண்டாகும். மிகவும் நீர்த்துக் குளிர்ந்த அமிலத்தில் மக்னீசியம், மற்ற அமிலங்களிற்போல, ஹைட்ரஜனை விடும். இரும்பும் அலுமினியமுமோ விந்தையானவை. செறிந்த நைட்ரிக் அமிலத்தில் அவற்றின் மேற்பரப்பில் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய ஏடு ஒன்று படிந்து, உலோகத்தைக் காத்துவிடுகிறது. அபாயச் சரக்குகளின் பட்டியலில் இடம் பெறும் இந்தச் செறிந்த அமிலத்தை அலுமினியத் தொட்டிகளில் ஏற்றிச் செல்ல முடிவது இக்காரணத்தினாலேயே.

பொற்கொல்லர் இவ்வமிலத்தை நன்கு அறிவர். வெள்ளி இதில் கரையும், பொன் கரையாது. ஆகவே பொன் நான்கில் ஒரு பங்காகும்படி வெள்ளி சேர்த்து உருக்கி, தகடாக்கி, இத்திராவகத்தில் இட்டால், வெள்ளி கரைந்துபோகப் பொன் தனித்து நிற்கும். பொன்னையே கரைக்க வேண்டுமாயின், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் இதனுடன் சேர்த்து இராஜ திராவகம் ஆக்க வேண்டும்.

மஞ்சள் படிவு

1894-ல் பிரஸிடென்ஸிக் கல்லூரியில் புதிய இரசாயனச் சோதனைச்சாலை திறக்கப்பட்டது. பிரபுல்லர் முதலில் நெய்யிலும் கடுகெண்ணெயிலும் செய்யப்படும் கலப்படத்தை ஆராய்ந்தார். கலப்பற்ற மாதிரி வேண்டுமென்று, தம் கண்ணெதிரிலேயே பசுவைக் கறக்கச் செய்து வெண்ணெய் எடுப்பித்தார். அடுத்து, மூலகங்களின் அட்டவணையில் அந்நாளில் வெற்றிடமாக இருந்த சில மூலகங்கள் நம் நாட்டு அரிய கனிமங்களில் அகப்படுமோ என்று தேடலானார்.

அவ்வேலையின் நடுவே, பாதரச உப்பு ஒன்று அவருக்கு மிகுதியாக வேண்டியிருந்தது. நம் சித்த வைத்தியர்கள் பூரம் என்று வழங்கும் மருந்துப் பொருளைச் செய்வதற்கு அது முதற்படியான மெர்க்குரஸ் நைட்ரேட் ஆகும். பாதரசத்தை நைட்ரிக் அமிலத்தில் கரைத்தால் அது கிடைக்கும். செறிந்த அமிலத்தில் சூடாகக் கரைத்தால் மெர்க்குரிக் உப்பாகிவிடும். பாதரசத்தை மிகுதியாக வைத்து, அமிலத்தை நீர்க்கச் செய்து, குளிர்ந்த நிலையில் மெல்லக் கரையவிட்டாலே மெர்க்குரஸ் உப்புக் கிட்டும். பிரபுல்லர் அவ்வாறே செய்து பாத்திரத்தை வைத்திருந்தார்.

சிறிது நேரத்தில் பாதரசத்தின் மேற்பரப்பில் மஞ்சள் நிறப் படிகங்கள் படிந்திருக்கக் கண்டார். அவர் வேண்டியதோ நிறமற்ற உப்பு, வந்ததோ மஞ்சள். பாதரசத்துடன் பழகும் இரசாயனிகள் அத்தகைய மஞ்சள் பொருளைக் கண்டால், மூல உப்பு என்று பெயரிட்டு ஒதுக்கிவிடுவது இயல்பு. பிரபுல்லரும் முதலில் அவ்வாறே நினைத்தார். ஆயினும் ஒரு கேள்வி அவரைத் தடுத்தது. மூல உப்பு என்பது அமிலம் குறைந்த இடத்தில் உண்டாவது. இங்கோ பாத்திரம் நிறைய அமிலம் இருக்கிறது. அமிலத்தின் நடுவே மூல உப்பு எவ்வாறு பிறக்கும்? படிகத்தை எடுத்துச் சோதித்தார். அது மெர்க்குரஸ் உப்பு என்பதும், அதே சமயம் அது நைட்ரைட் என்பதும் தெளிவாயின.

நைட்ரேட்டுக்கும் நைட்ரைட்டுக்கும் ஓர் எழுத்தே வேற்றுமை எனத் தோன்றும். உண்மையில் வேற்றுமை ஒரு பங்கு பிராணவாயு. உலோகத்தைக் கரைக்கும்போது நைட்ரிக் அமிலம் தன் பிராணவாயுவை இழக்கிறது என்றோம் அல்லவா? அவ்வாறு ஒரு படி இறங்கிய நிலையே நைட்ரஸ் அமிலம். அது நிலையற்றது, சிறிது சூடு பட்டாலும் சிதைவது. மெர்க்குரஸ் நிலையும் எளிதில் மாறக்கூடியதே. நிலையற்ற இரண்டு ஒன்று சேர்ந்து, நிலையான படிகமாகத் திரண்டு நிற்கும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. குளிர்ந்த, நீர்த்த, அசையாத பாத்திரத்தில் அது நிகழ்ந்தது. 1896-ல் வங்காள ஆசியக் கழகத்தின் சஞ்சிகையில் பிரபுல்லர் இதனை வெளியிட்டார். லண்டனிலிருந்து வெளிவரும் நேச்சர் என்னும் விஞ்ஞானப் பத்திரிகை அவ்வாண்டே அதனைக் குறிப்பிட்டது. அப்படிகத்தின் உள்ளமைப்பைப் பிற்காலத்தார் எக்ஸ் கதிர்களைக் கொண்டு ஆராய்ந்து காட்டியுள்ளனர்.

தேடிய மூலகங்கள் ஒரு பக்கம் நின்றன. தேடாமல் வந்த மஞ்சள் படிகம் அவர் வாழ்நாள் ஆராய்ச்சியாயிற்று. பல உலோகங்களின் நைட்ரைட்டுகளை அவரும் அவர் மாணவரும் அடுத்தடுத்துச் செய்தனர். சூடேற்றினால் நைட்ரஜனும் நீருமாகப் பிரிந்துவிடும் அம்மோனியம் நைட்ரைட்டையும், அழுத்தம் குறைந்த பாத்திரத்தில் மெல்லச் சூடேற்றிச் சிதையாமல் ஆவியாக்கிக் காட்டினார். 1912-ல் லண்டன் இரசாயனச் சங்கத்தில் அதனை அறிவித்தபோது, ஸர் வில்லியம் ராம்ஸே போன்ற மேதைகள் பாராட்டினர்.

கையும் அறிவும்

பாதரசமே பிரபுல்லரைப் பண்டைய பாரதத்தின் பக்கமும் திருப்பியது. நம் முன்னோரின் இரச நூல்களைச் சுவடிகளில் தேடிப் படித்து, இந்து இரசாயன வரலாறு என்னும் பெருநூலை 1902-லும் 1909-லும் இரு பாகங்களாக வெளியிட்டார். பிரெஞ்சு இரசாயன மேதை பெர்த்தெலோ அம்முயற்சிக்கு ஊக்கமளித்தார். அந்நூலில் முன்னோரின் பெருமையைப் போற்றியதோடு பிரபுல்லர் நின்றுவிடவில்லை. அத்துணைச் சிறந்த கலை பிற்காலத்தில் ஏன் தேய்ந்தது என்றும் கேட்டார். கைத்தொழிலைத் தாழ்ந்த சாதியாருக்கென ஒதுக்கிவிட்டு, கற்றோர் கையைக் கட்டிக்கொண்டதே முதற்காரணம் என்பது அவர் கண்ட முடிவு. செய்பவனுக்கு ஏன் என்று கேட்கும் கல்வி இல்லை. கேட்பவனுக்குச் செய்து பார்க்கும் பழக்கம் இல்லை. உயர்ந்த பண்டிதர்களுக்கு இம்முடிவு கசப்பாக இருந்திருக்கலாம். ஆனால் மாடியில் எலும்பு உலர்த்தியவருக்கு அதனைச் சொல்லும் உரிமை இருந்தது.

ஆசானும் துறவியும்

1916-ல் பிரஸிடென்ஸியிலிருந்து ஓய்வு பெற்று, கல்கத்தா சர்வகலாசாலையின் புதிய விஞ்ஞானக் கல்லூரியில் பாலித் இரசாயனப் பேராசிரியரானார். பிரபுல்லர் மணம் புரிந்துகொள்ளவில்லை. அக்கல்லூரிக் கட்டடத்திலேயே ஓர் அறையில், கதர் உடுத்து, எளிய உணவு உண்டு, ஏழை மாணவர் சிலரையும் உடன் வைத்துக்கொண்டு வாழ்ந்தார். 1921-ல் அறுபது வயது நிறைந்ததும், அதன்பின் தமக்கு வரும் சம்பளம் முழுவதையும் சர்வகலாசாலைக்கே கொடுத்துவிட்டார். 1936-ல் ஓய்வு பெறும் வரை அவ்வாறே நடந்தது. நாகார்ஜுனர் பெயரால் இரசாயனப் பரிசு ஒன்றும் நிறுவினார். 1919-ல் ஸர் பட்டம் கிடைத்தது. 1924-ல் இந்திய இரசாயனச் சங்கம் தோன்றியபோது முதல் தலைவரானார்.

பொதுத் தொண்டிலும் பின்வாங்கவில்லை. 1902-ல், நாடறியாத வக்கீலாக இருந்த காந்தியடிகள் தென்னாப்பிரிக்க இந்தியரின் துயரைக் கல்கத்தாவில் எடுத்துரைக்கக் கூட்டம் ஏற்பாடு செய்தவர்களில் அவரும் ஒருவர். 1921-ல் குல்னாப் பஞ்சத்திலும், 1922-ல் வட வங்கப் பெருவெள்ளத்திலும் நிவாரணப் பணிக்குத் தலைமை தாங்கினார்.

அவர் ஈட்டிய பெருஞ்செல்வம் மாணவர்களே. டாக்காவுக்கருகே சிற்றூரில் சிறுகடை நடத்தியவரின் மகன் மேகநாத சாஹா அவரிடம் பயின்றவர். சத்யேந்திரநாத போஸும் அவ்வாறே. அவர் தந்தையார் ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயில் பணிபுரிந்தவர் என்பதை நம் காலனிப் பிள்ளைகள் நினைவில் வைக்க வேண்டும். மற்றொரு மாணவராகிய ஞான சந்திர கோஷே 1950-ல் நம் ஹிஜிலியில் எழுந்த தொழில்நுட்பக் கழகத்தின் முதல் இயக்குநர். நாள்தோறும் நம் பிள்ளைகள் சைக்கிளில் கடந்து செல்லும் அவ்வாயிலுக்கும் ஆசார்யருக்கும் உள்ள உறவு இதுவாகும்.

நமக்கு என்ன?

பிரபுல்லர் தம் வாழ்நாள் முழுவதும் வங்க இளைஞரிடம் மன்றாடிய செய்தி ஒன்றுண்டு. பட்டத்தையும் குமாஸ்தா உத்தியோகத்தையும் தவிர வேறு வாழ்வே இல்லை என எண்ணாதீர். கையால் உழைத்துத் தொழில் செய்யுங்கள் என்பதே அது. ரயில்வே ஆபீஸில் கோப்பைப் புரட்டிப் பிழைக்கும் நாம் இதனை எழுதுவது வேடிக்கை என்று சில அன்பர்கள் நகைக்கலாம். நகைக்கட்டும். இவ்வுத்தியோகம் நம் பெற்றோருக்குச் சோறிட்டது, நமக்கும் இடுகிறது. அதனைப் பழிப்பது நன்றி மறத்தலாகும். பிரபுல்லரும் 27 ஆண்டுகள் அரசாங்கச் சம்பளம் வாங்கியவரே. உத்தியோகத்தை விட்டு ஓடுங்கள் என்பது அவர் வாழ்வு கூறும் பாடம் அன்று.

ஆனால் நம் காலனியில் நடப்பதென்ன? பத்தாவது தேறிய பிள்ளை ரேடியோவைப் பிரித்துப் பூட்டினால், பரீட்சைக்குப் படிக்காமல் பொழுதை வீணாக்குகிறான் என்கிறோம். பெண் குழந்தை சமையலறையில் எலுமிச்சைச் சாற்றையும் சோடா உப்பையும் கலந்து நுரை எழுவதைப் பார்த்து நின்றால், பண்டத்தைப் பாழாக்காதே என்கிறோம். பிறகு நான்கு ஆண்டு, ஐந்து ஆண்டு, ஒரே தேர்வை மீண்டும் மீண்டும் எழுதி, வயது வரம்பு கடந்தபின் அப்பிள்ளை திண்ணையில் வெறுமனே அமர்ந்திருக்கக் கண்டு கண்ணீர் விடுகிறோம். நாம் வேண்டிய நிறம் ஒன்று. குழந்தையிடம் தோன்றும் நிறம் வேறு. அதனை எடுத்துச் சோதித்துப் பார்ப்பதற்கு முன்பே கழுவி ஊற்றிவிடுகிறோம்.

நம் தமிழகம் தந்த ஸர் ஸி. வி. ராமனும் 1907-ல் கல்கத்தாவுக்கு வந்தது அரசாங்கக் கணக்கு இலாகா அதிகாரியாகத்தான். ஆபீஸ் நேரத்திற்கு முன்னும் பின்னும் பௌபஜாரில் இருந்த விஞ்ஞானச் சங்கத்துச் சோதனைச்சாலையில் அவர் உழைத்தார். 1917-ல் பிரபுல்லர் பணிபுரிந்த அதே விஞ்ஞானக் கல்லூரியில் பாலித் பௌதிகப் பேராசிரியரானார். ஆபீஸ் மூடிய பின் கிடைக்கும் மாலை நேரம் அவ்விருவருக்கும் இருந்தது, நமக்கும் இருக்கிறது.

எல்லாப் பிள்ளைகளும் ராயாகவோ ராமனாகவோ ஆகிவிடமாட்டார்கள். அது வேண்டுவதும் இல்லை. ஒரு சிறு பட்டறை, ஒரு சிறு தொழில், கைவந்த ஒரு கலை போதும். ஒரு குடும்பம் நிமிர்ந்து நிற்கும். அதற்கு வேண்டிய முதல் பெரும்பணம் அன்று. எதிர்பாராமல் கண்ணிற்பட்டதை இது என்ன என்று நின்று கேட்கும் பொறுமையும், அதனைக் கையால் தொட வெட்கப்படாமையுமே அம்முதல்.

1944-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16-ஆம் தேதி, விஞ்ஞானக் கல்லூரியில் தாம் வாழ்ந்த அறையிலேயே ஆசார்யர் காலமானார். அவர் விட்டுச் சென்ற சொத்தென்று சொல்லத்தக்க வீடில்லை, நிலமில்லை. அக்கல்லூரி அவர் பெயர் தாங்கிய சாலையில், ராஜாபஜாரை அடுத்து இன்றும் இருக்கிறது. அடுத்த முறை சியால்தாவில் இறங்குங்கால், நம் அன்பர்கள் குழந்தைகளை அவ்வழியே அழைத்துச் சென்று அக்கட்டடத்தைக் காட்டுமாறு வேண்டுகிறோம். ஆசார்யரின் புகழ் ஓங்குக! நம் இளைஞர் கை வளம் பெறுக!